முன்தண்டுக்காரரின் ஷூ

நுன்சியோவின் வலது கால் ஷூவுக்குள் பாதி போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகாது என்று அகதீனாவுக்குத் தெரியும், காலுக்கும் தெரியும், ஷூவுக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

“நல்லா அமுக்குட்டி. குதிகால் பக்கம் கரண்டிய இன்னும் கொஞ்சம் உள்ள விடு.”

“கரண்டி வளைஞ்சு போச்சுப்பா.”

“போன வருசம் கால் உள்ள போச்சுல்லா?”

“போச்சு. திருநா முடிஞ்சு கழட்டுறப்ப காலுறை ரத்தமாக் கெடந்துச்சு. யாரு தொவச்சது? நான்தான தொவச்சேன்.”

அடுக்களை ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த மழை, மே மாதம் பிறந்தும் போகிற வழியைக் காணோம். கொல்லைக்கு அந்தப் பக்கம் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, தண்ணீரில் நின்றது. அடுத்த மாதம் அரவை தொடங்க வேண்டும். இந்தச் சகதியில் எந்த எந்திரம் இறங்கும் என்று ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. அகதீனாவுக்கு வானத்தைத் திட்டவும் தெம்பில்லை. ஆஸ்பத்திரி அடுக்களையில் விடியற்காலையிலிருந்து நின்றுவிட்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அப்பாவின் காலடியில் முழங்காலிட்டு உட்கார வேண்டியதாயிற்று.

காலா அது? பாதம் பலகையாய்ப் பரந்து, உள்வளைவு இருந்த இடமே தெரியாமல் தரையோடு படிந்துவிட்டது. பெருவிரல் மூட்டு எலுமிச்சங்காய் பருமனுக்குப் புடைத்திருந்தது. பெருவிரலோ பக்கத்து விரல் மேல் ஏறிப் படுத்திருந்தது. காலையில் ஓர் அளவு, மத்தியானம் ஓர் அளவு, சாயங்காலம் இன்னோர் அளவு. ஆயுள் பூராவும் சர்க்கரைக்கு உழைத்த மனுஷன். கடைசியில் அதே சர்க்கரை ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இன்னொரு கொப்புளம் வந்து பழுத்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்குமா என்பதும் சொல்வதற்கில்லை.

ஆனால் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புனித பிளாசிதோவின் திருநாள். சப்பரத்தின் இடது முன்தண்டு நுன்சியோவுடையது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தோள் கொடுத்து வருகிறவர். அகதீனாவின் அம்மா செத்த வருஷம்கூட, துக்கத்தோடு வந்து தூக்கினார். தூக்குகிறவர்கள் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கயிறு கட்டிய கறுப்புத் தோல் ஷூ போட வேண்டும். சிசிலியிலிருந்து இந்தக் கரும்புச் சீமைக்குக் கப்பலேறி வந்த முதல் ஆட்கள் போட்ட ஏற்பாடு. கேன்வாஸோ, செருப்போ, ஓட்டக்காரர் ஷூவோ போட்டவன் கூட்டத்தை மறிக்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான்.

“ஒரு வருசம் தூக்காட்டா சாமி கோவிச்சுக்குவாரா?” என்று கேட்டாள்.

“சாமி கோவிக்க மாட்டாரு. அவருக்கு என்னையத் தெரியும். வருசத்துக்கு வருசம் என் தோளுக்கு லேசாகிட்டே வாராரு. முந்தியெல்லாம் அடுமனை முக்குக்குப் போறதுக்குள்ள மூச்சு முட்டும். இப்போ இறகு மாதிரி. இந்த மாதிரி யாருக்குட்டி அமையும்?”

இதை அவர் கிளப்பில் சீட்டாடும்போதும் சொல்வார், முடிதிருத்தும் கடையிலும் சொல்வார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அகதீனாவும் ஆட்டினாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை வெந்நீரில் விட்டுத் துடைத்தாள். பிறகு கத்திரிக்காய் வறுத்துப் போட்டு மக்கரோனி கிண்டினாள். அவர் ஒரு பிடி பிடித்தார். அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் முதல் ஷூ வேட்டை. உள்ளூரில் இருப்பது ஒரே கடை. மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது ஒரு பக்கம். கடைக்காரப் பெண் உள்ளே போய், சாம்பல் நிறத்தில், மேலே கயிற்றுக்குப் பதில் பிய்த்து ஒட்டுகிற ஒட்டுப்பட்டி வைத்த ஒன்றைக் கொண்டுவந்தாள். தலையணை போல் மெத்தென்று இருந்தது. கால் சிரமமில்லாமல் உள்ளே போனது. அகதீனா மாதாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

“எப்படி இருக்கு, நுன்சியோ?” என்றாள் கடைக்காரி.

“நல்லாத்தான் இருக்கு. இதப் போட்டுக்கிட்டு எங்க போவணும்? ஆப்ரேசனுக்கா?”

“வயசானவங்க எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க.”

“அப்போ வயசானவங்க வந்தாக் குடு.”

எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர் பேசுகிற பேச்சு இது! அகதீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கறுப்பில் இருக்கிறதா என்று கேட்டாள். கறுப்பிலும் வந்தது, அதிலும் ஒட்டுப்பட்டி. அவர் அதைத் தொடக்கூட இல்லை. அடுத்த ஊர்க் கடையில் அகலம் இருந்தது, ஆழம் இல்லை. ஏறிப் படுத்த விரல் இடித்தது. அதற்கடுத்த கடையில் ஆழமும் இருந்தது, ஆனால் இரண்டு படகுகளைக் காலில் மாட்டியது போல் இருந்தது. “இதுக்குத் துடுப்பு எங்க?” என்று கேட்டு விற்பனைப் பையனின் முகத்தைச் சுண்டவைத்தார். தபாலில் வரவழைத்த ஒன்று குதிகாலில் கழன்று கழன்று விழுந்தது.

அவரைக் குறை சொல்லவும் அவளால் முடியவில்லை. கையால் கரும்பு வெட்டிய காலம் அவளுக்கே மங்கலாக நினைவிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் சருகு போகக் கரும்புக் காட்டுக்குத் தீ வைப்பார்கள். விடிந்ததும் எரிந்த கரும்புக்குள் இறங்கினால், பொழுது சாயும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. தெருவில் போனால் இங்கிலீஷ்காரப் பெண்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அந்த ஆட்கள்தான் சனிக்கிழமை தேய்த்துக் குளித்து, முழங்கை வரை சோப்புப் போட்டு, கஞ்சி போட்ட சட்டையும் கூர்முனை ஷூவுமாக நடனக் கூடத்துக்குப் போவார்கள். நகக்கண்ணில் கரி இருந்தாலும் ஷூவில் முகம் தெரிய வேண்டும். ஷூ ஒன்றுதான் அவர்களை மனுஷர்களாக நிறுத்தியது. அப்படிப்பட்டவரிடம் போய் ஒட்டுப்பட்டியை நீட்டினால் வாங்குவாரா?

ஒரு கடையை விட்டு வெறுங்கையோடு வெளியே வரும்போதெல்லாம், ‘கிடைக்காமலே போகட்டுமே’ என்றும் அவளுக்குத் தோன்றியது. கிடைக்காவிட்டால் தூக்க முடியாது, விரல் தப்பிக்கும், அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகக் காலை நீட்டி உட்காருவாள். நினைத்த மறு நொடி, காருக்குள் ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவைப் பார்த்ததும் அடுத்த கடைக்குக் காரைத் திருப்புவாள்.

கடைசியில் டவுன்ஸ்வில் பட்டணத்துக்குப் போனார்கள். வழி நெடுக மழை. இரண்டு இடத்தில் ரோட்டில் தண்ணீர் ஏறியிருந்தது. அங்கே ஒரு கடையில், நடுவயசுப் பெண் ஒருத்தி அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் காலை அளந்தாள். உள்ளே போய், திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. நுன்சியோ காலுறையோடு உட்கார்ந்து, சுவரிலிருந்த இளைஞர்களின் படங்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கொண்டுவந்தது கறுப்புக் கன்றுத்தோல். கயிறு கட்டுவது. முனையில் ஊசித்துளைப் பூவேலை. பார்வைக்கு ஒல்லி, உள்ளேயோ விரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் படுக்க இடம். அடிப்பாகம் இரண்டு விரற்கடை கனம். ஆனால் ஓரத்தைக் கறுப்பாக்கி, கனமே தெரியாமல் மறைத்திருந்தார்கள்.

நுன்சியோ கயிற்றைக் கட்டினார். எழுந்தார். கண்ணாடி வரை நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்தார். கோட்டு இல்லாமலே கோட்டுப் பொத்தான் போடுகிற மாதிரி வயிற்றை உள்ளே இழுத்தார்.

“வலிக்குதாப்பா?”

“இல்லியே!” என்றார், ஆச்சரியமாக. “ஏட்டி, வலிக்கலியே!”

அகதீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்புகிற வழியில் அவர் ஷூவைக் கழற்றவில்லை. பாட்டுக்கூடப் பாடினார். சுருதி சேரவில்லை. ‘தொலையட்டும், வேட்டை முடிந்தது’ என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் வெள்ளோட்டம். கோயில் பின்கட்டிலிருந்து சப்பரத்தை வெளியே எடுத்து, சொரூபத்தின் எடைக்கு உர மூட்டைகளை ஏற்றி, தோள் பார்த்து ஆட்களை நிறுத்துவார்கள். அதுதான் முக்கியமான வேலை. ஒரே தண்டின் கீழ் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒருவன் உயரம் கூடினால் பாரமெல்லாம் அவன் தலையில்; குறைந்தால் அவன் சும்மா கூட நடக்கிறான். இடது முன்தண்டில் முதல் ஆள் நுன்சியோ, அவருக்குப் பின்னால் ஒராத்சியோ. இவர் அகதீனாவின் தாய்மாமன். இளவட்டத்தில் இரண்டு பேர் தோளையும் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை வித்தியாசம் இராது என்பார்கள். அதனால் இவர்கள் இருவருக்கும் மட்டும் தோள் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

“அத்தான், ஷூ பளபளன்னு இருக்கே! பொண்ணு பாக்கப் போறீகளா?” என்றார் ஒராத்சியோ.

“பாத்தா என்னல? உனக்கும் சேத்துப் பாக்கட்டா?”

“எனக்கு இருக்கிறவளே போதும் சாமி.”

எல்லோரும் சிரித்தார்கள். சப்பரத்தை நடத்துகிற சாரோ கை தட்டினார். எட்டுப் பேரும் குனிந்தார்கள். ‘விவா’ என்று ஒரே குரலில் வாழ்த்து. சப்பரம் எழுந்தது.

நுன்சியோவின் முகம் மாறியதை அகதீனா பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கால் மடங்கி, மறுபடி நிமிர்ந்தது. இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் பக்கவாட்டில் தள்ளாடினார்.

“எறக்கு! எறக்கு!” என்று கத்தினார். இறக்கினார்கள். “யாருல மூட்டைய அதிகமா ஏத்துனது? கொலைகாரப் பயலுகளா! சாமி எட இவ்வளவா?”

“எப்பவும் ஏத்துறதுதான், நுன்சியோ,” என்றார் சாரோ.

“புளுகாத. எனக்குத் தெரியாதா? போன வருசம் இறகு மாதிரி இருந்துச்சு!”

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சாரோ ஷூவைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். யோசிக்காமல் சொல்லிவிட்டார்: “அட, ஷூ ஒசரம்! அதான். இன்னைக்குத்தான் தண்டு உம்ம தோள்ல உக்காந்திருக்கு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன செய்ய? நுன்சியோ மெதுவாகத் திரும்பி ஒராத்சியோவைப் பார்த்தார். ஒராத்சியோ ஷூக் கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

“என்ன மாப்ள இது?”

“ஒண்ணுமில்ல அத்தான். வயசானா எல்லாரும் கொஞ்சம் குறுகத்தான் செய்வோம். ஒங்களுக்குக் காலும் தட்டையாப் போச்சு.”

“எத்தன வருசமா?”

“யாரு கண்டா.”

“நீ கண்டிருக்க. பின்னால நின்னது நீதானல. எத்தன வருசமா என் பங்கையும் நீ தூக்குற?”

நுன்சியோ கோட்டை உதறி எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். புது ஷூவில் கால் நொண்டவில்லை. நொண்டியிருந்தால்கூடப் பார்க்க அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அகதீனா சூப்பைக் கொண்டுபோய் வைத்தாள். ஆறியதும் எடுத்து, மறுபடி சூடு பண்ணி வைத்தாள். மூன்றாம் தடவை வைத்தபோது வாயைத் திறந்தார்.

“ஊரெல்லாம் போய்ச் சொன்னேனே, அகதீனா. சாமி எனக்கு லேசாகிட்டாருன்னு. எல்லாப் பயலும் கேட்டுத் தலையாட்டுனானே. வீட்டுக்குப் போயிச் சிரிச்சிருப்பான்ல?”

“யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்கப்பா.”

“அவன் தூக்குறது ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது.”

“செல்லாக் காச உண்டியல்ல போட்டுட்டு, புண்ணியம் சேந்துச்சுன்னு திரிஞ்சிருக்கேன்.” அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஒராத்சியோ வந்தார், கையில் ஒரு போத்தல் ஒயினோடு. மழையில் நனைந்த தொப்பியை வாசலிலேயே உதறினார். நுன்சியோ எழுந்திருக்கவில்லை. அகதீனா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க மாமா.”

“அத்தான், ஒரு வழி இருக்கு,” என்றார் ஒராத்சியோ உட்கார்ந்ததும். “இதே மாதிரி அகலமா, அடி மெல்லிசா ஒரு ஷூ பாப்போம். ஒசரம் கொறஞ்சுரும். தண்டு பழையபடி ஒங்களுக்கு...”

“பழையபடி?”

“லேசா இருக்கும்.”

“நான் சும்மா கூட நடக்கணும். ஊரு என்னைய முன்தண்டுன்னு சொல்லணும். நீ பின்னால சாகணும். அப்படித்தான?”

“நான் எங்க செத்தேன்? கல்லு மாதிரி இருக்கேன்.” ஒராத்சியோவுக்கும் கோபம் வந்துவிட்டது. “நான் கப்பல்ல வந்து எறங்கின வருசம் காய்ச்சல்ல கெடந்தனே. என் கரும்பு வரிசையையும் சேத்து யாரு வெட்டுனது? கங்காணிக்குத் தெரியாம என் பேர்ல கட்டுப் போட்டது யாரு?”

“அது ஒரு அரவைக்கு. இது எத்தன வருசம்ல!”

“என்னமோ. சொன்னா நீங்க விட்டுருவீக. நீங்க விட்டா எனக்கு முன்னால யாரோ ஒருத்தன் முதுகு. எனக்கு அது புடிக்கல.”

நுன்சியோ போத்தலைத் திறந்தார். இரண்டு கிளாசில் ஊற்றினார். ஒன்றை மச்சினன் பக்கம் தள்ளினார். ஆனால் முகம் தெளியவில்லை.

“புது ஷூதான் போடுவேன்,” என்றார். “தண்டு எங்க உக்காரணுமோ அங்க உக்காரட்டும்.”

“அப்பா, விழுந்தா?”

“விழுந்தா எந்திரிக்கிறேன். நீ வாய மூடு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க, ஆஸ்பத்திரியில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் தட்டுக் கழுவும்போதும் அவர் தள்ளாடினது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. ‘காலுக்குப் பார்க்கப் போய் ஆளையே கவிழ்த்துவிட்டேனே’ என்று நொந்துகொண்டாள்.

திருநாளன்று மழை வெறித்துவிட்டது. தெருவோரம் பூரா உப்பு நெத்திலி வைத்துப் பொரித்த பணியார வாசம், சாசேஜ் புகை. பாண்டு வாத்தியம் முழங்கியது. கோயில் படியில் எட்டுப் பேரும் குனிந்தார்கள். ‘விவா சான் பிளாசிதோ!’ புனிதர் எழுந்தார், மேலெல்லாம் மாலையும் ரிப்பனுமாக.

அகதீனா தண்ணீர்ப் போத்தலோடு ஓரமாக, கூடவே நடந்தாள். அப்பாவின் முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. உதட்டைக் கடித்திருந்தார். ஆனால் கால் பிசகவில்லை. ஒவ்வோர் எட்டையும் வைத்து, ஊன்றி, அடுத்ததை வைத்தார். தண்டு அவர் கோட்டுத் தோளில் ஆழமாகப் பதிந்திருந்தது. நாலு வீடு கடந்தது, தபாலாபீஸ் கடந்தது. அடுமனை முக்கு வந்ததும் சாரோ மணியடித்தார். முட்டுக் கட்டைகளைக் கொடுத்து, சப்பரத்தை நிறுத்தினார்கள். முதல் நிறுத்தம்.

நுன்சியோ தண்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். இரண்டு கையாலும் தண்டைத் தொட்டு முத்தமிட்டார்.

“சாரோ, ஆள் மாத்து.”

“வாரும், வாரும். உமக்குப் பதிலா யாரையாவது...”

“எனக்கு மட்டும் இல்ல. ரெண்டு பேரு. மாப்ளயும் எறங்குறான்.”

“நான் எதுக்கு அத்தான்? எனக்கென்ன கேடு?” என்றார் ஒராத்சியோ.

“வெளிய வால.”

“நான் நல்லாத்தான் இருக்கேன்!”

“என் எடம் இதுல. குடுக்கணும்னா நான்தான் குடுக்கணும். நான் நின்னா நீ நிப்ப, எனக்குத் தெரியும். அதான் நான் எறங்கிட்டேன். வெளிய வா.” நுன்சியோ மச்சினன் தோளில் கை வைத்தார். “போதும்ல. ரெண்டாள் பாரம் தூக்குனது போதும்.”

அவ்வளவு கூட்டத்தில் ஒராத்சியோ அப்படியே நின்றார். பிறகு தண்டை விட்டுவிட்டு வெளியே வந்தார். உயரம் சரியாக இருந்த இரண்டு இளவட்டங்களைச் சாரோ உள்ளே விட்டார். மணி அடித்தது. புனிதர் எழுந்து, இவர்களை விட்டுவிட்டுப் போனார். நுன்சியோ கடைவாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, சப்பரம் திரும்புகிறவரை அதையே பார்த்தார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. அகதீனா தண்ணீரை நீட்டினாள். வாங்கினவர், குடிக்காமல் மச்சினனிடம் கொடுத்தார்.

“வா, பின்னால நடப்போம்.”

ஒராத்சியோ நகரவில்லை. அடுமனைத் திட்டில் மெல்ல உட்கார்ந்தார்.

“நீங்க போங்க அத்தான். நான் மெதுவா வாறேன்.”

“ஏன்?”

“சும்மாதான்.”

அகதீனா அவர் காலைப் பார்த்தாள். கூர்முனைக் கறுப்பு ஷூ. பழைய ஜோடி, முகம் தெரிகிற பளபளப்பு. அதன் விளிம்புக்கு மேல் சதை வழிந்து நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்காமலே தரையில் முழங்காலிட்டு, கயிற்றை அவிழ்த்து, ஷூவை உருவினாள். அது வருவதற்கே அவர் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. வெள்ளைக் காலுறை, விரலடியில் சிவப்பாக நனைந்திருந்தது.

“மாமா! எத்தன நாளா இப்படி?”

“பாரம் கூடுனா கால் விரியும்லா தாயி. வேற ஒண்ணுமில்ல.”

நுன்சியோ அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெருமூச்சு விட்டு, மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தார். புது ஷூவின் கயிறுகளை அவிழ்த்து, இரண்டையும் கழற்றி அவர் முன்னால் தள்ளினார்.

“போடு.”

“நீங்க?”

“எனக்கு நடக்குற சோலி முடிஞ்சிட்டு. வீடு வரைக்கும் இவ கார்ல கொண்டுபோயிருவா. போடுல.”

ஒராத்சியோ காலை விட்டுப் பார்த்தார். முன்பக்கம் போனது, குதிகால் வெளியே நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அகதீனாவைப் பார்த்தார்கள்.

அவள் ரத்தக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலித்தது. நாளைக்கு விடியற்காலை வேலை. டவுன்ஸ்வில் ரோட்டில் தண்ணீர் வடிந்ததோ என்னவோ.

“ஒட்டுப்பட்டி வேண்டாம் தாயி,” என்றார் ஒராத்சியோ, கூச்சத்தோடு.

“அது எனக்குத் தெரியாதா மாமா,” என்றாள் அவள். “அந்தக் காலையும் நீட்டுங்க, பாப்போம்.”